பெரிதாக வைத்தால் பயப்படுவார்களா? போக்கரில் அழுத்தம் யார் மேல் விழுகிறது

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக இதுதான்: அவரும் நான்கு நண்பர்களும் வேலை முடிந்த பின்னேரங்களில் ஹோல்டெம் போக்கர் விளையாடுகிறார்கள், கையில் ஆளுக்கு இரண்டு தாள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து தாள். காசுக்கு அல்ல, புளியங்கொட்டைக்கு. வீடியோக்களில் பார்த்ததெல்லாம் "அடித்து ஆடு, பெரிதாக வை, எதிராளி பயந்து தாளைப் போடுவான்" என்றே சொல்கிறது, இவரும் அப்படியே செய்தார். கையில் ஏஸ்-கிங். ஃபிளொப்பில், அதாவது நடுவில் திறக்கிற முதல் மூன்று தாளில், 9-6-2 விழுந்தது. பெட் வைத்தார், ஒரு நண்பன் கோல், அதாவது அதே அளவை வைத்துத் தொடர்ந்தான். நான்காவது தாளான டேர்னில் ஜாக். இன்னும் பெரிதாக வைத்தார், திரும்பவும் கோல். கடைசித் தாளான ரிவரில் 3. இருந்த கொட்டை முழுவதையும் தள்ளி ஓல்-இன் போனார். நண்பன் யோசிக்கவே இல்லை, கோல் பண்ணி 9-8ஐக் காட்டினான். "அண்ணா, அடித்து ஆடுவது என்பதே பொய்யா, இல்லை நான் செய்தது பிழையா?"

பொய் இல்லை தம்பி. ஆனால் பிழையான ஆளிடம் வைத்தீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அடித்து ஆடு" என்ற அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மேசைக்குப் போனவர்கள் நிறையத் தோற்றிருக்கிறார்கள். லண்டனில் இருந்த காலத்தில் முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் தோற்றேன்.

முதலில், ஏன் அடித்து ஆடச் சொல்கிறார்கள்? நடுவில் சேரும் காசை, பொட் என்பதை, எடுக்க இரண்டு வழி உண்டு. கடைசியில் தாளைக் காட்டி வெல்லலாம். அல்லது அதற்கு முன்பே மற்ற எல்லோரும் ஃபோல்ட் பண்ணிவிட்டால், அதாவது தாளைப் போட்டு விலகிவிட்டால், காட்டாமலே எடுக்கலாம். கோல் மட்டும் பண்ணிக்கொண்டிருப்பவனுக்கு முதல் வழிதான் இருக்கிறது, பெட் வைப்பவனுக்கு இரண்டும் இருக்கிறது. அதோடு, சோடி இல்லாத இரண்டு தாளை வைத்துக்கொண்டு ஃபிளொப்பைப் பார்ப்பவனுக்கு அந்தத் தாளில் ஒன்றாவது சோடி சேர்வது நூற்றுக்கு 32 தடவைதான். மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் சேராது. உங்களுக்கும் அப்படித்தான், எதிரே இருப்பவனுக்கும் அப்படித்தான். இருவரிடமும் ஒன்றும் இல்லாத அந்த நேரங்களில் யார் முதலில் கை நீட்டுகிறாரோ அவரிடம் பொட் போய்விடும். அடித்து ஆடுவதன் அடிப்படை இவ்வளவுதான். அதில் வீரம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு.

இனி அழுத்தத்துக்கு வருவோம். தொகை பெரிதென்றால் ஆள் தானாகப் பயப்படுவான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒருவன் பயப்பட வேண்டுமென்றால் அவன் கையில் இரண்டும்கெட்டான் தாள் ஒன்று இருக்க வேண்டும், விடவும் மனமில்லாத, நம்பவும் முடியாத தாள். தோற்றால் அவனுக்கு நோக வேண்டும். முக்கியமாக, "சரி, விட்டால் விட்டது" என்று ஃபோல்ட் பண்ணத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் ஆயிரம் வைத்தாலும் அது அழுத்தமே இல்லை, சும்மா தொகைதான்.

வயல் காவலுக்குப் போனவர்களுக்கு யானை வெடி தெரியும். காட்டோரக் காணிகளில் முதல் வருடம் வெடியைக் கொளுத்திப் போட்டதும் காட்டுக்குள் ஓடிய அதே அலியன், இரண்டு மூன்று போகம் கழிய வெடிச் சத்தத்துக்கு அசையாமல் நின்று கதிரைத் தின்னும். வெடி மாறவில்லை, சத்தமும் குறையவில்லை. சத்தத்துக்குப் பின்னால் வேறொன்றும் வரப்போவதில்லை என்று அது அறிந்துகொண்டது, அவ்வளவுதான். உங்கள் நண்பனும் அதைத்தான் அறிந்துவைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் பெரிதாக வைக்கிறீர்கள், தோற்றால் போவது புளியங்கொட்டை, பிறகு அவன் ஏன் போட வேண்டும்?

ஆக அழுத்தம் இருப்பது இப்போது வைக்கிற பெட்டில் அல்ல, இதற்குப் பிறகு வரப்போகிறது என்று எதிராளி நினைக்கிற பெட்டில். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். ஃபிளொப்பில் பொட் 100 கொட்டை. பொட் அளவுக்கே நீங்கள் 100 வைக்கிறீர்கள், அவன் கோல் பண்ணினால் பொட் 300. டேர்னில் திரும்பவும் பொட் அளவுக்கு 300 வைத்து அவன் கோல் பண்ணினால் 900. ரிவரில் 900 வைக்கிறீர்கள். மூன்றையும் கூட்டினால் 1300. முதல் 100க்குக் கோல் சொல்லும்போதே, கடைசிவரை வர வேண்டுமென்றால் 1300 இறக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தால் அந்த 100 பாரமாக இருக்கும். இருவரிடமும் முன்னால் 150 தான் இருக்கிறதென்றால் அதே 100க்கு அந்தப் பாரம் இல்லை, ஏனென்றால் பின்னால் பயமுறுத்த ஒன்றும் மிச்சமில்லை. நன்றாக ஆடுபவர்கள் பெட் வைக்க முன் எதிராளியின் முன்னால் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்ப்பது இதற்குத்தான்.

தொகையைத் தீர்மானிக்க இன்னொரு கணக்கும் வேண்டும், இதை மனப்பாடமே செய்துவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் 100 பொட்டுக்கு 50 வைத்து பிளஃப் பண்ணினால், மூன்றில் ஒரு தடவை அவன் போட்டாலே உங்களுக்கு நட்டம் இல்லை. 100 வைத்தால் இரண்டில் ஒரு தடவை போட வேண்டும். 200 வைத்தால் மூன்றில் இரண்டு தடவை. பெரிதாக வைக்கும்போது அதிகம் பேர் போடுவார்கள்தான், ஆனால் அவர்கள் போட்டே ஆக வேண்டிய தடவைகளும் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு ஆள் சின்னதுக்கும் பெரிதுக்கும் ஒரே மாதிரிப் போடுவானென்றால் சின்னதாக வைப்பதே இலாபம். அவன் ஒன்றுக்குமே போடமாட்டானென்றால் பிளஃப்பை மறந்துவிட்டு, நல்ல தாள் வந்த நேரம் மட்டும் பெரிதாக வையுங்கள். அப்படிப்பட்டவனிடம் உங்கள் இரண்டு சோடிக்கும் ஒரே இலக்கத்து மூன்று தாளுக்கும் முழு விலையும் கிடைக்கும். நான் பழகிய நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் இதில் ஒரே மாதிரி: கோல் பண்ணுகிறவனைக் கண்டால் பிளஃப்பைப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

எதிரே இருப்பவன் பக்கமும் பாருங்கள். 100 பொட்டுக்கு நீங்கள் 100 வைத்தால் அவன் 100 இறக்கி மொத்தம் 300க்கு ஆடுகிறான், நூற்றுக்கு 33 தடவை வென்றாலே அவனுக்குச் சரி. 50 வைத்தால் 25 தடவை போதும். 200 வைத்தால் 40 தடவை வெல்ல வேண்டும். அதனால் ரிவரில் பொட் அளவுக்கு வைக்கிறவர் இரண்டு தடவை நல்ல தாளோடும் ஒரு தடவை வெறும் கையோடும் வைத்தால் எதிராளிக்கு கோலும் ஃபோல்டும் ஒன்றுதான், எதைச் செய்தாலும் அவனுக்கு இலாபம் இல்லை. அந்த நிலைமையில் அவன் தலையைச் சொறிவதைத்தான் நான் அழுத்தம் என்கிறேன். நீங்கள் மூன்று தடவையும் வெறும் கையோடு வைத்தால் அவனுக்குச் சொறிய வேண்டிய வேலையே இல்லை.

வெறும் கை என்றாலும் எல்லா வெறும் கையும் ஒன்றல்ல. நான்கு ஹாட்ஸ் சேர்ந்து இன்னும் ஒன்றுக்காக, ஒரே இனத்தில் ஐந்து தாளான ஃப்ளஷுக்காக, காத்திருக்கிறீர்கள், டேர்ன் முடிந்துவிட்டது என்று வைப்போம். இன்னும் 46 தாள் பார்க்கப்படாமல் இருக்கிறது, அதில் 9 உங்களுக்கு உதவும், கிட்டத்தட்ட நூற்றுக்கு 20. இப்போது பொட் அளவுக்கு வைத்தால், சுத்த வெறும் கைக்கு எதிராளி நூற்றுக்கு 50 தடவை போட வேண்டியிருந்த இடத்தில் உங்களுக்கு 29 தடவை போட்டாலே போதும், ஏனென்றால் அவன் கோல் பண்ணினாலும் சில தடவை தாள் வந்து நீங்கள்தான் வெல்வீர்கள். இதை செமி பிளஃப் என்பார்கள். அடித்து ஆட ஆசைப்படுகிற புதியவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மாட்டினாலும் தப்ப ஒரு கதவு திறந்திருக்கும்.

இதற்கு உலகம் முழுக்கப் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2003 உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டி, லாஸ் வேகாஸ். 839 பேர் ஆடியதில் கடைசியாக மிஞ்சிய இருவர் கிறிஸ் மணிமேக்கர், சாம் ஃபர்ஹா. மணிமேக்கர் டென்னசியைச் சேர்ந்த ஒரு கணக்காளர், இணையத்தில் சின்னக் கட்டணத்தில் நடந்த தகுதிச் சுற்றில் வென்று வந்தவர். ஃபர்ஹா தொழிலாகவே ஆடுகிறவர். அவர்கள் ஆடிய ஒரு சுற்றில், போக்கரில் 'கை' என்பதில், நடுவில் 9, 2, 6, 8 விழுந்தன, அதில் 9, 6, 8 மூன்றும் ஸ்பேட். மணிமேக்கரிடம் ஸ்பேட் கிங்கும் ஒரு 7உம். இன்னொரு ஸ்பேட் வந்தால் ஃப்ளஷ், 5 அல்லது 10 வந்தால் ஐந்து தாள் தொடராக வருகிற வரிசை, ஆனால் அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை. டேர்னில் ஃபர்ஹா பெட் வைக்க, இவர் அதற்கு மேல் ரெய்ஸ் பண்ணினார். அதுவரை அது செமி பிளஃப். ரிவரில் உதவாத ஒரு 3 விழுந்தது. ஃபர்ஹாவிடம் 9 சோடி, நடுவில் இருந்த தாளில் ஆகப் பெரிய சோடி. மணிமேக்கர் ஓல்-இன் போனார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுத் தாளைப் போட்டார். மணிமேக்கர் 25 இலட்சம் டொலர் வென்றார், அடுத்த வருடம் அதே போட்டிக்கு 2576 பேர் வந்தார்கள்.

அந்தக் கையை எல்லோரும் தைரியத்துக்குச் சொல்வார்கள். நான் வேறொன்றுக்குச் சொல்கிறேன். அவர் சொன்ன கதை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருந்தது: மூன்றாவது ஸ்பேட் விழுந்த இடத்தில் ரெய்ஸ் பண்ணினார், பிறகு விடவில்லை, உண்மையில் ஃப்ளஷ் வைத்திருப்பவனும் அப்படித்தான் ஆடுவான். ஸ்பேட் கிங் தன் கையிலேயே இருந்ததால் எதிராளியிடம் அந்த கிங்கோடு ஃப்ளஷ் இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். எதிரே இருந்தவரோ ஃபோல்ட் பண்ணத் தெரிந்த, யோசிக்கிற ஆட்டக்காரர், கையில் இரண்டும்கெட்டான் தாள், தோற்றால் போவது பெரியது. நான் மேலே சொன்ன மூன்றும் அங்கே இருந்தன. அதே பெட்டை உங்கள் கொட்டில் மேசையில் வைத்திருந்தால் உங்கள் நண்பன் 9 சோடியோடு சிரித்துக்கொண்டே கோல் பண்ணியிருப்பான்.

எந்தத் தாளோடு பிளஃப் பண்ணுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஜோன் ஃபொன் நொய்மன் என்ற கணித மேதை போக்கரைச் சின்ன மாதிரி ஒன்றாகச் சுருக்கிக் கணக்குப் போட்டபோது வந்த விடை இது: ஆக நல்ல தாளோடும் ஆகக் கெட்ட தாளோடும் பெட் வை, நடுத்தரத் தாளோடு சும்மா இரு. காரணம் எளிது. நடுத்தரத் தாள் காட்டினாலே சில தடவை வெல்லும், அதைக் கொண்டு பெட் வைத்தால் உன்னிடம் தோற்பவன் எல்லாம் போட்டுவிடுவான், உன்னை வெல்பவன் மட்டும் கோல் பண்ணுவான். 2017இல் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரோடு 120000 கை ஆடி வென்றபோதும் பார்த்தவர்கள் பேசியது அதன் பெட் அளவுகளைப் பற்றித்தான். மனிதர் வைக்கத் தயங்குகிற அளவில், பொட்டைவிடப் பல மடங்கும் வைத்தது. அதற்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நல்ல தாளோடும் வெறும் கையோடும் ஒரே அளவை வைத்ததால் எதிரே இருந்தவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போட்டியாக ஆடும்போது அழுத்தம் இன்னும் வேறு மாதிரி. பரிசு பெறும் இடத்துக்கு இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும் என்ற கட்டத்தை எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் வெல்கிற சில்லைவிட, காசுக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லையைவிட, தோற்கும் பக்கத்தில் தோற்கிற சில்லுக்குப் பெறுமதி கூட. நடுத்தர அளவில் சில்லு வைத்திருப்பவன்தான் அதிகம் பயப்படுவான், தன்னைவிடக் குறைவாக வைத்திருப்பவன் முதலில் போகட்டும் என்று காத்திருப்பான். நிறைய வைத்திருப்பவன் அவனைத்தான் நெருக்க வேண்டும். இரண்டு மூன்று சில்லோடு இருப்பவனை நெருக்கிப் பயனில்லை, அவன் எதோடும் உள்ளே வந்துவிடுவான்.

காலபோகம் வெட்டி முடிகிற நேரத்தில் இதை நாங்கள் வேறு விதமாகக் காண்கிறோம். வெட்டிய நெல் ஈரமாகக் கிடக்கும், வானம் கறுக்கும், வெட்டு மெசின் கூலியும் உரக்கடைக் கடனும் வாசலில் நிற்கும். அந்த நேரம் பார்த்து வயல் வரம்புக்கு வருகிற வியாபாரி சொல்கிற விலை குறைவு என்று விவசாயிக்குத் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறார். காயப்போட்டு வைத்திருக்க இடமும் இரண்டு மாதச் செலவுக்குக் காசும் உள்ளவரிடம் அதே வியாபாரி அந்த விலையைச் சொல்வதே இல்லை. காத்திருக்க முடியாதவன் மேல்தான் அழுத்தம் வேலை செய்யும். வயலில் இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் மேசையில் அழுத்தம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்த வரம்பில் நின்றுதான்.

அதனால்தான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கொட்டைக்கு ஆடுகிறவரை நல்லது, அப்படியே ஆடுங்கள். தொலைபேசியில் காசு கட்டி ஆடுகிற செயலிகளில் விதைநெல்லுக்கோ சீட்டுக்கோ வைத்த காசைப் போட்டு ஆடுகிற பெடியளை எனக்குத் தெரியும். தோற்கக்கூடாத காசோடு உட்காருகிறவன் அடித்து ஆடவே முடியாது, ஏனென்றால் மேசையில் எல்லா அழுத்தமும் ஏற்கனவே அவன் மேல்தான் இருக்கிறது. பெட் வைக்க வேண்டிய இடத்தில் கை நடுங்கும், போட வேண்டிய இடத்தில் விட்டதைப் பிடிக்கக் கோல் பண்ணுவான். அவனுக்கு நான் எந்த உத்தியும் சொல்லித்தரமாட்டேன், எழும்பி வீட்டுக்குப் போகத்தான் சொல்வேன்.

நீங்கள் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவராக இருப்பீர்கள், அதில் இருந்தே இதைப் பிடிக்கலாம். 32 தாள், நாலு நாலாகத்தான் வரும், பாதித் தாளைப் பார்த்துவிட்டு 160இலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். எதிர்ப் பக்கத்தை மேலே ஏற்றிவிடுவதற்காகச் சிலர் கையில் அதில் ஆகப் பெரிய தாளான ஜாக் ஒன்றும் இல்லாமல் கேட்டுக்கொண்டு போவார்கள். எதிராளி தன் தாளின் பெறுமதிக்கு மேலே போய் விழுந்தால் வெற்றி, அவன் திடீரென்று "பாஸ்" என்று விட்டுவிட்டால் இவரே அந்தக் கேள்வியைச் சுமக்க வேண்டும். யார் கடைசிவரை ஏறுவான், யார் 180இல் விட்டுவிடுவான் என்று உங்கள் ஊரில் ஒவ்வொருவரையும் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. போக்கரிலும் அதே அறிவுதான் முதலில் வேண்டும். வீடியோவில் வருகிறவருக்கு உங்கள் நண்பனைத் தெரியாது.

சரி, உங்கள் கைக்கு வருகிறேன். ஏஸ்-கிங்கோடு ஃபிளொப்பில் வைத்தது பிழை இல்லை. நீங்கள்தான் முதலில் ரெய்ஸ் பண்ணியவர், 9-6-2 பெரும்பாலானவர்களுக்கு உதவாத ஃபிளொப், பாதிப் பொட் அளவுக்கு வைத்திருந்தால் போதும். அவன் கோல் பண்ணிய பிறகு டேர்னில் ஜாக் வந்தது உங்களுக்கு ஒன்றும் தரவில்லை, மூன்று ஏஸும் மூன்று கிங்கும், ஆறு தாள்தான் உதவும். ஃபோல்ட் பண்ணாத ஒருவனுக்கு எதிரே அங்கே செக் பண்ணியிருக்க வேண்டும், அதாவது ஒன்றும் வைக்காமல் விட்டிருக்க வேண்டும். ரிவரில் ஓல்-இன் போனதுதான் பெரிய பிழை. ஏஸ்-கிங் காட்டினாலே சில தடவை வெல்லும், வரிசைக்குக் காத்திருந்து கிடைக்காமல் போன 8-7ஐ அது வெல்கிறது. அந்தத் தாளோடு இருப்பவன் உங்கள் ஓல்-இன்னுக்குப் போட்டுவிடுவான், 9 வைத்திருப்பவன் மட்டும் கோல் பண்ணுவான். ஃபொன் நொய்மன் சும்மா இருக்கச் சொன்ன நடுத்தரத் தாள் அதுதான்.

மாறாக உங்கள் கையில்தான் அந்த 8-7 இருந்திருந்தால்? ஃபிளொப் விழுந்ததுமே, இனி 10 அல்லது 5 வந்தால் வரிசை, எட்டுத் தாள் உதவும், ரிவர்வரை போனால் நூற்றுக்கு 31 தடவை கிடைக்கும். ஃபிளொப்பிலும் டேர்னிலும் வைக்க அது நல்ல தாள், ரிவரில் கிடைக்காமல் போனால் காட்டி வெல்ல வழியே இல்லாததால் பிளஃப்புக்கும் அதுவே பொருத்தம். ஆனால் அந்த நண்பனுக்கு எதிராக அல்ல. உங்கள் ஐந்து பேரில் தாளைப் போட்டுவிட்டு "நீ என்ன வைத்திருந்தாய், காட்டு" என்று கேட்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். பிளஃப்பை அவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 9-8காரனுக்கு, உங்களிடம் ஜாக் சோடியோ அதற்கு மேலோ வருகிற நாள்வரை பொறுத்திருந்து, அன்றைக்கு அதே மூன்று பெட்டையும் அதே அளவில் வையுங்கள்.